ஹமில்ற்றனின் அறிக்கையும் திருகோணமலைத் துறைமுகமும்

திருகோணமலையைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் ஆழத்திலிருந்தே தொடங்குவர். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் இதுவும் ஒன்று. ஆதலின் பெருங் கைத்தொழில் நகரமாதல் இதற்கு இயல்பு. அவ்வாறு ஆகாமை விதியின் குற்றம், அன்றேல் பிறர் செய்த வஞ்சனை என்பது அவர்தம் வாதம். மேடைகளிற் பலகாலும் கேட்ட இவ்வாதத்தை மாணவர்களும் தம் கட்டுரைகளில் அப்படியே எழுதிவிடுகின்றனர். ஆழமான நீரும் கைத்தொழில் வளர்ச்சியும் காரண காரியத் தொடர்புடையனவா என்று கேட்பார் அரியர். அக்கேள்வியை எழுப்புதற்கு நமது ஊரிலிருந்து மிகத் தொலைவில், இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுந்த ஓர் அறிக்கை பெரிதும் உதவுகின்றது. அலெக்சாந்தர் ஹமில்ற்றன் 1791-ஆம் ஆண்டு டிசெம்பர் 5-ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரசின் மக்கள் சபைக்குச் சமர்ப்பித்த கைத்தொழில் பற்றிய அறிக்கையே அது.

ஹமில்ற்றன் புதிய குடியரசின் முதல் நிதிச் செயலாளர். மேற்கிந்தியத் தீவொன்றிலே பிறந்து, இளமையில் மற்றொரு தீவின் துறைமுக வணிகர்களிடம் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்தவர். கப்பல் எதைக் கொண்டு வருகின்றது, எதை ஏற்றிச் செல்கின்றது, ஆதாயம் எவர் பெட்டியில் விழுகின்றது என்பவற்றைப் பேரேட்டில் எழுதிப் பழகிய கை அவருடையது. அப்பழக்கம் அறிக்கை முழுவதிலும் புலனாகின்றது. அக்காலத்து அமெரிக்கா பெரிதும் உழவர் நாடு. உழவே நாட்டின் செல்வம், ஆலைகள் ஐரோப்பாவிலேயே இருக்கட்டும் என்று தோமஸ் ஜெபர்சன் போன்றோர் கருதியிருந்தனர். இதற்கு மாறாக, கைத்தொழிலால் விளையும் நன்மைகளை ஹமில்ற்றன் ஏழாக வகுத்தார். தொழிற் பிரிவினை, இயந்திரப் பயன்பாடு, வேலையற்றோர்க்கு வேலை, பிறநாட்டார் வந்து குடியேறுதல், பலவகைத் திறமைகளுக்கு இடம், முயற்சிக்கு விரிந்த களம் ஆகிய ஆறும் இன்று எந்தப் பொருளியற் பாடநூலிலும் காணத்தக்கவை. ஏழாவதே நமக்கு முக்கியமானது. உழவன் விளைவித்த மிகுதிக்கு நாட்டினுள்ளேயே நிலையான சந்தையை ஆலை உண்டாக்கும் என்பது அது. ஆலையும் வயலும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் என்ற இக்கருத்தே அவ்வறிக்கையின் உயிர்நாடி என்பது எமது துணிபு.

அறிக்கையின் குறையொன்றையும் இங்கேயே சொல்லிவிடல் வேண்டும். பெண்களும் சிறுவரும் ஆலைகளால் முன்னிலும் பயனுடையோர் ஆவர் என்று ஹமில்ற்றன் எழுதுகின்றார். பிரித்தானியப் பருத்தி ஆலைகளில் ஏழில் நான்கு பங்கினர் அவர்களே என்பதைப் பாராட்டுக்குரிய செய்தியாகவே எடுத்துக்காட்டுகின்றார். சிறுவன் ஒருவன் ஆலையில் நிற்கும்போது எந்தப் பள்ளியில் இல்லாமற் போகின்றான் என்ற வினா அவருடைய பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவ்வினா வேறிடத்திலிருந்து எழ நேர்ந்தது.

அறிக்கைக்கு நேர்ந்த கதி சுவையானது. உற்பத்தியாளர்க்கு நேரடி உதவிப்பணம் வழங்க வேண்டும் என்ற அவரது முக்கிய பரிந்துரையைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. சில இறக்குமதித் தீர்வைகளை மட்டும் 1792-இல் உயர்த்தியது. ஹமில்ற்றன் தாமே முன்னின்று ஒரு கழகத்தை உருவாக்கி, நியூ ஜேர்சியில் பசாயிக் ஆற்றின் பெருவீழ்ச்சியருகே பற்றர்சன் என்னும் ஆலை நகரொன்றைத் திட்டமிட்டார். ஆற்றல்மிக்க அருவி இருந்தது, அரசின் அனுமதி இருந்தது, நாட்டின் நிதிச் செயலாளரே புரவலராக இருந்தார். ஆயினும் 1796-இல் அக்கழகத்தின் ஆலை நின்றுபோயிற்று. திட்டமிட்ட நகரம் தளர்ந்த அதே காலத்தில், திட்டமேதுமின்றி றோட் ஐலண்டின் போற்றக்கெற் என்னும் சிற்றூரில் ஒரு பருத்தி ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

அதன் கதை பலரும் அறிந்ததே. இயந்திரங்களையோ அவற்றை அறிந்த தொழிலாளரையோ நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது என்று பிரித்தானியா சட்டமியற்றியிருந்தது. சாமுவேல் சிலேற்றர் என்ற இளைஞர் ஆர்க்ரைட்டின் நூற்பு முறையை நினைவிலேயே சுமந்துகொண்டு 1789-இல் அமெரிக்கா சென்றார். 1790 டிசெம்பரில் அவருடைய இயந்திரங்கள் நூல் நூற்கத் தொடங்கின. முதல் தொழிலாளர் ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரையான ஒன்பது சிறுவர்கள். இக்கதையில் சிலேற்றரின் நினைவாற்றலை வியப்போர், அவருக்குப் பணம் கொடுத்தவரை மறந்துவிடுகின்றனர். அவர் மோசஸ் பிரவுண். கடல் வாணிகத்தாற் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்குடும்பத்தின் ஆதாயத்தில் அடிமை வாணிகமும் கலந்திருந்தது. மோசஸ் பிற்காலத்தில் அதனை வெறுத்து எதிர்த்து நின்றார். ஆலைக்குச் சென்ற பணம் துறைமுகத்திலிருந்து சென்ற பணம் என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்வோம்.

1807 டிசெம்பரில் துறைமுகங்களையே மூடும் சட்டம் வந்தது. பிரித்தானியாவும் பிரான்சும் தம்முட் பொருதுகொண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்கவே, ஜெபர்சன் தம் நாட்டுக் கப்பல்கள் அயல்நாடு செல்வதையே தடுத்தார். 1807-இல் 10 கோடி 80 இலட்சம் டொலராக இருந்த ஏற்றுமதி மறு ஆண்டில் 2 கோடி 20 இலட்சமாக வீழ்ந்தது. பொஸ்ரனிலும் சேலத்திலும் பாய்மரங்கள் பாயின்றி நின்றன. மாலுமிகள் பட்டினி கிடந்தனர். ஆனால் வணிகரின் பணத்தை எவரும் பூட்டவில்லை. கப்பலில் இட முடியாத பணம் ஆற்றங்கரைக்கு நடந்தது. நிதிச் செயலாளர் கலற்றின் 1810-இல் காங்கிரசுக்கு அளித்த கணக்கின்படி, 1808-இல் 8,000 ஆக இருந்த பருத்தி நூற்புக் கதிர்கள் 1809-இன் முடிவில் 31,000 ஆயின. உழவே போதும் என்றிருந்த ஜெபர்சனின் சட்டமே ஹமில்ற்றனின் அறிக்கை செய்ய இயலாததைச் செய்தது. அதனைக் காண ஹமில்ற்றன் உயிரோடில்லை. 1804-இல் ஒரு துப்பாக்கிச் சமரில் மாண்டிருந்தார்.

பொஸ்ரன் வணிகர் பிரான்சிஸ் கபற் லொவெல் இரண்டாண்டுகள் பிரித்தானியாவில் தங்கி விசைத்தறிகளைக் கண்ணால் அளந்து வந்தார். 1813-இல் நண்பருடன் கூடி ஒரு கம்பனி அமைத்து, 1814-இல் வோல்தம் என்னும் ஊரில் பஞ்சு துணியாகும் வரை ஒரே கூரையின்கீழ் நடக்கும் ஆலையை இயக்கினார். போர் முடிந்ததும் மலிவான துணிகள் மீண்டும் வந்து குவியுமே என்ற அச்சத்தால் 1816-இன் தீர்வைச் சட்டத்துக்காகத் தலைநகரில் வாதாடினார். கெசமொன்று 25 சதத்திலும் குறைந்த விலையுள்ள பருத்தித் துணியையும் 25 சதம் பெறுமதியுடையதாகவே கொண்டு வரி விதிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஒரு பிரிவு. அதனால் அடிபட்டது இந்தியாவின் முரட்டுப் பருத்தித் துணி. நியூ இங்கிலாந்துக் கப்பல்கள் அதுவரை கிழக்கிலிருந்து ஏற்றிச் சென்ற துணிக்கு நியூ இங்கிலாந்து ஆலைகளே கதவடைத்தன. அதே 1816-இல்தான் அதே நியூ இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய அமெரிக்கன் மிஷனார் யாழ்ப்பாணம் வந்து பள்ளிகள் தொடங்கினர். நம்மவர் இரண்டாம் வரவை மட்டும் நினைவில் வைத்துள்ளனர். முதலாம் தடையை நினைப்பாரில்லை.

லொவெல் 1817-இல் மறைந்தபின் அவர் பெயரால் மெரிமாக் ஆற்றங்கரையில் எழுந்த நகரமே அமெரிக்கக் கைத்தொழிலின் காட்சிப்பொருளாயிற்று. பண்ணைக் குடும்பங்களின் இளம்பெண்கள் அங்கே வந்து கம்பனியின் விடுதிகளில் தங்கி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்தனர். தமது கையில் தமது ஊதியம் என்பது அவர்தம் தாய்மார் அறியாத புதுமை. அவர்கள் எழுதிய கதைகளையும் கவிதைகளையும் கொண்ட சஞ்சிகை ஒன்றும் 1840 முதல் சில ஆண்டுகள் வெளிவந்தது. 1842-இல் அங்கு சென்ற சாள்ஸ் டிக்கன்ஸ், அப்பெண்களின் தூய உடையையும் விடுதிப் பியானோவையும் சஞ்சிகையையும் கண்டு மகிழ்ந்து, தமது அமெரிக்கப் பயண நூலிற் புகழ்ந்தெழுதினார். இலண்டன் ஏழ்மையைத் தோலுரித்த பேனா இங்கே ஒருநாள் விருந்தினன் பேனாவாகிவிட்டது. அவர் வருவதற்கு முன்னரே, 1834-இல் கூலிக் குறைப்பை எதிர்த்தும் 1836-இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்தும் அதே பெண்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் நடந்திருந்தனர். 1845-இல் சாரா பாக்லி முதலியோர் பத்துமணி நேர வேலைநாள் கேட்டு மசாசூசெற்ஸ் சட்டசபைக்கு முறையிட்டனர். தலையிடுதல் தன் கடமையன்று என்று சபைக்குழு கைவிரித்தது. பெண்களுக்கும் சிறுவர்க்கும் பத்துமணிச் சட்டம் அங்கு வருவதற்கு 1874 வரை காத்திருக்க நேர்ந்தது. ஹமில்ற்றன் எழுப்பாத வினாவை ஆலைப் பெண்கள் எழுப்பினர் என்றால் மிகையாகாது.

அவ்வாலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. 1793-இல் எலி விற்னி ஆக்கிய பஞ்சு அரவைப் பொறி தென் மாநிலங்களின் பருத்திச் செய்கையைப் பெருக்கியது. 1790-இல் ஏறக்குறைய 7 இலட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் ஏறக்குறைய 40 இலட்சமாயினர். வயலும் ஆலையும் ஒன்றையொன்று வளர்க்கும் என்ற ஹமில்ற்றனின் ஏழாம் நன்மை மெய்யாயிற்று. ஆனால் அவ்வயலில் நின்றவன் கழுத்தில் நுகம் இருந்தது. அமெரிக்க முன்னேற்றத்தை நமக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோர் இப்பகுதியைக் கிழித்தெறிந்துவிட்டு மிகுதியை வாசித்தல் தகாது.

இனி நம் குடாவுக்குத் திரும்புவோம். மூடப்பட்ட துறைமுகம் ஆலைகளைப் பிறப்பித்த கதையை அங்கே கண்டோம். திருகோணமலையும் மூடப்பட்டது, ஒருமுறையன்று, இருமுறை. 1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து இதனைக் கைப்பற்றிய பிரித்தானியர் இதனைக் கடற்படைத் தளமாகவே பேணினர். ஊரார் ‘டொக்யாட்’ என்றழைக்கும் அத்தளமே பல தலைமுறைக்கு இவ்வூரின் பெருங்கூலி தருவோனாக இருந்தது. 1904-இல் பிரித்தானியக் கடற்படைத் தலைமை ஏற்ற அட்மிரல் பிஷர், போர்க்கப்பல்களைத் தாய்நாட்டருகே திரட்டும் கொள்கையினால், ஹலிபாக்ஸ், எஸ்குவிமோல்ற், ஜமெய்க்கா ஆகிய தளங்களோடு திருகோணமலையையும் 1905-இல் சுருக்கி மூடினார். இலண்டனில் ஒரு கையொப்பம். மூன்று பெருங்கடற் கரைகளில் உலைகள் அணைந்தன. பின்னர் நிலக்கரிக்கு மாற்றாக எண்ணெய் வந்தபோது, 1920களிலும் 1930களிலும் சீனக்குடாக் காட்டில் 101 எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் நகரம் படைகளால் நிரம்பியது. அவ்வாண்டு ஏப்ரில் 9-இல் யப்பானியரின் குண்டுகளும் விழுந்தன. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் மானத்துக்கு அது உகந்த நாள். கூலியை நம்பியிருந்த வீடுகளுக்கோ அது வேறுவகையான நாளாக இருந்தது.

பொஸ்ரனில் கப்பல் நின்றதும் பணம் ஆலைக்குச் சென்றது. இங்கே கப்பல் சென்றதும் பணமும் உடன் சென்றது. ஏன்? பொஸ்ரன் துறைமுகத்தின் ஆதாயம் பொஸ்ரன் வணிகரின் பெட்டியில் இருந்தது. திருகோணமலைத் துறைமுகமோ வணிகத் துறைமுகமே அன்று. அதன் செலவும் வரவும் கடற்படை வரவுசெலவுத் திட்டத்தின் ஓர் உருப்படி. ஊருக்குக் கிடைத்தது கூலி, ஆதாயம் அன்று. கூலி அன்றன்றே அரிசியாகிக் கரையும். வேறு தொழிலில் இடத்தக்க மூலதனமாகத் திரள்வது அரிது. துறைமுகம் மூடியபோது திருப்பி வேறிடத்தில் இடுவதற்கு எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. இதற்கொரு சிறு சான்று சுவைபட உள்ளது. ‘திருகோணமலை’ என்று பெயர் சூட்டப்பெற்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்று இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்லிபூலில் காட்சிப்பொருளாக மிதக்கின்றது. 1817-இல் அது நீரில் இறக்கப்பட்டது பம்பாயில். கட்டியவர்கள் அங்குள்ள பார்சி வாடியா குடும்பத்தினர். மரம் மலபார்த் தேக்கு. திருகோணமலையிடமிருந்து அக்கப்பல் பெற்றது பெயர் மட்டுமே.

ஆழமே காரணமாயின் கொழும்பு ஒரு துறைமுகமாகவே ஆகியிருத்தல் இயலாது. அங்கே இயற்கை தந்தது தென்மேல் பருவக்காற்றில் கொந்தளிக்கும் திறந்த கடல். 1875-இல் அடிக்கல் நாட்டி, பத்தாண்டுகள் கல்லைக் கடலிற் கொட்டி அலைதடுப்பை எழுப்பினர். மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும், அவற்றை விற்று ஆதாயம் கண்ட வணிக நிலையங்களும் அங்கிருந்தன. ஆதலால் துறைமுகம் செய்யப்பட்டது. திருகோணமலைக்குப் புகையிரதமே 1927-இல்தான் வந்தது. உள்நாட்டோடு பிணைப்பில்லாத ஆழம் நங்கூரத்துக்கு நன்று, நகரத்துக்குப் போதாது.

இக்கருத்துக்கு மறுப்புகள் எழலாம். மெரிமாக்கின் வீழ்ச்சி போன்ற நீராற்றல் இவ்வுலர்வலயக் கரையில் இல்லை என்பது மெய். மகாவலி கொட்டியாரக் குடாவைச் சேருமிடத்தில் தளர்ந்து, மணல் சுமந்து வருகின்றது. ஆயினும் நிலக்கரியும் எண்ணெயும் மின்சாரமும் வந்தபின் அருவியில்லாமை ஒரு தடையாகாது. 1983 முதல் 2009 வரை நீண்ட போர் இம்மாவட்டத்தை எரித்து மக்களை இடம்பெயரச் செய்தது என்பதும் மெய். எந்தக் கைத்தொழிற் கணக்கும் அதனை ஒதுக்கலாகாது. ஆனால் 1957-க்கும் 1983-க்கும் இடையில் ஒரு தலைமுறைக் காலம் இருந்தது. அக்காலத்தில் வந்தவற்றை நோக்கினாலே போதும்.

புல்மோட்டை மணலிலுள்ள இல்மனைற்றை எடுப்பதற்காக 1957-இலேயே அரசு கூட்டுத்தாபனம் அமைத்தது. மணல் பிரிக்கப்பட்டுக் கப்பலேறுகின்றது. அதனை வெண்சாயமாக்கிப் பலமடங்கு விலைக்கு விற்கும் தொழில் கடல் கடந்த நாடுகளில் நடைபெறுகின்றது. 1977-இல் செய்த உடன்படிக்கையின்படி சிங்கப்பூர்க் கம்பனியான பிறீமா அமைத்த மாவாலை 1980-இல் இயங்கத் தொடங்கியது. ஓரிடத்தில் அமைந்த மாவாலைகளுள் உலகின் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. அது அரைக்கும் கோதுமையில் ஒரு மணிகூட இந்நாட்டு வயலில் விளைந்ததன்று. கொட்பேயிலுள்ள சீமெந்து ஆலைக்கான கிளிங்கரும் கப்பலிலேயே வருகின்றது. இவ்வாலைகள் பலருக்கு வேலை தந்தன. அதனை மறுப்பது நன்றிகேடு. ஆனால் ஹமில்ற்றனின் ஏழாம் அளவுகோலை வைத்துப் பார்த்தால், தம்பலகாமத்து உழவனுக்கும் மாவாலைக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை. துறைமுகத்தின் ஆழத்தைப் பயன்படுத்திய அளவுக்கு அதன் பின்னிலத்தை அவை பயன்படுத்தவில்லை. அவ்வளவுகோலுக்குப் பொருந்திவந்த ஒன்றும் இம்மாவட்டத்தில் இருந்தது. அது கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை. குளத்து நீரில் விளைந்த கரும்பை அயலிலேயே பிழிந்த அத்தொழிற்சாலை 1960களில் எழுந்து 1990களில் மூடப்பட்டது. மாவட்டத்தின் கைத்தொழில் வரலாற்றை எழுதப் புகும் மாணவர் துறைமுகத்தை விட்டு முதலிற் கந்தளாய்க்குச் செல்வது பயனளிக்கும் என்பது எமது எண்ணம்.

எண்ணெய்த் தாங்கிகளின் கதை இன்னும் முடியவில்லை. 101-இல் எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்கு மேல் கொள்ளும். 2003-இல் ஒரு பகுதி இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையிடம் சென்றது. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கையின்படி அக்கம்பனிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் கூடிய புதுக் கம்பனிக்கு 61 எனப் பிரிக்கப்பட்டன. புதுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு நூற்றுக்கு 51. இதனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் எந்த நாடு எத்தனை தாங்கிகளைப் பெற்றது என்பதையே எண்ணிக்கொண்டிருந்தனர். அயல்நாட்டு மூலதனத்தைப் பகையாக அன்றித் துணையாகவே கொள்ளலாம் என்று எழுதியவர் ஹமில்ற்றன். ஆதலின் அயலார் பணம் என்பதற்காக மட்டும் இவ்வுடன்படிக்கையை அவர் தள்ளியிருக்கமாட்டார். ஆயினும் அப்பழைய கணக்கப்பிள்ளை வேறு சில உருப்படிகளைத் தேடியிருப்பார்: தாங்கியில் எண்ணெய் நிறைந்து வடிவதைத் தவிர, அதைக்கொண்டு இங்கே ஆக்கப்படும் பொருள் எது? அதன் ஆதாயத்தில் எப்பங்கு இம்மாவட்டத்தில் மீண்டும் இடப்படும்? கப்பல்கள் மூன்றாம் முறையும் வேறு துறை நாடிச் செல்லுமாயின், சீனக்குடாவில் எவரிடம் எது எஞ்சும்?